ஒஸ்வால்ட் ஓடிய வியாழக்கிழமை

இரண்டாயிரமாம் ஆண்டு யூன் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், பின்னேரம் ஆறு மணி பத்து நிமிஷத்துக்கு, கொட்டாஞ்சேனையில் ஒரு மனிதர் ஓடினார். ஒரேயொரு மனிதர்தான். பெயர் ஒஸ்வால்ட், வயது ஐம்பத்திரண்டு, துறைமுகத்துக்குள் ஒரு கம்பனியில் மூட்டை எண்ணும் கிளார்க். அதற்கு முன் அவர் கடைசியாக ஓடியது எண்பத்துமூன்றாம் ஆண்டு யூலைக் கலவரத்தில். அப்போது சேர்ந்து ஓட நிறையப் பேர் இருந்தார்கள்.

இந்தத் தடவை ஓடியதற்குக் காரணம் இதுதான். அன்று அவர் லீவு போட்டு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார். பஞ்சைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். வீட்டு வாசலில் வந்து சட்டைப் பையைத் தடவியபோதுதான் அடையாள அட்டை இல்லை என்று தெரிந்தது. அது முதல்நாள் போட்ட சட்டையில் இருந்தது. அந்தச் சட்டையை மனைவி பிறிஜெற் காலையிலேயே லோன்றிக்குக் கொடுத்துவிட்டாள். சங்கிலியின் லோன்றியிலிருந்து ஆறேகாலுக்கு மூட்டை வெளுக்கப் போகும். அடையாள அட்டை வெளுத்துப் போனால், அந்த வருடத்தில், கொழும்பில், ஒரு தமிழர் தெருமுனை வரை போகலாம். அதற்கப்பால் பொலிஸ் நிலையம்தான். ஆகவே ஓடினார். வாயில் இரத்தம் கசிந்தபடியால் லேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்.

அதே நேரத்தில் அலைமதி எப்.எம். என்ற புதிய வானொலி ஒரு நாடகம் போட்டுக்கொண்டிருந்தது. துறைமுகத்துக்கு வந்த கப்பலிலிருந்து நச்சுப் புகை கசிகிறது. செய்தி வாசிப்பவரைப் போன்ற குரலில் ஒருவர், வாயைப் பொத்திக்கொண்டு உடனே வெளியேறுங்கள் என்கிறார். நடுவில் மூன்று தடவை சவர்க்கார விளம்பரம். முடிவில் இது நாடகம் என்று சொல்லி, அனுசரணை வழங்கிய புடைவைக் கடைக்கு நன்றியும் சொன்னார்கள். கொட்டாஞ்சேனையில் அதை யாரும் கேட்கவில்லை. ஐந்தரையிலிருந்து ஏழு மணி வரை அங்கே கரன்ட் இல்லை.

அந்த வழியால் போனவர்களில் கேட்டவர்கள் இரண்டே பேர். தினவாகீசன் பத்திரிகையின் நிருபரும் படப்பிடிப்பாளரும். அலைமதியை ஒரு நிமிஷமும் விடாமல் கேட்டு, அதில் என்ன பிழை என்று எழுதிக்கொண்டு வரவேண்டும் என்பது அவர்களுடைய பிரதம ஆசிரியரின் கட்டளை. அதனால் ஓட்டோவில் போகும்போதும் மடியில் பற்றறி ரேடியோ இருந்தது. ரேடியோவில் வாயைப் பொத்திக்கொண்டு ஓடச் சொன்னார்கள். தெருவில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார். படப்பிடிப்பாளர் குதித்து இறங்கினார்.

"ஐயா, ரேடியோ கேட்டுத்தானே ஓடுறீங்கள்?" என்று நிருபர் கூடவே ஓடினார்.

ஒஸ்வால்ட் பஞ்சைக் கடித்தபடி, இல்லை என்று தலையை ஆட்டினார். கைவிரலால் லோன்றியைக் காட்டினார். லோன்றிக்குள் போய், அட்டையைச் சட்டையிலிருந்து எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு நிலத்தில் குந்தினார். பெயரைச் சங்கிலியிடம் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

*

பிறிஜெற் பத்திரிகையைத் தலைப்பிலிருந்து வாசிப்பதில்லை. வெள்ளையிலிருந்து வாசிப்பாள்.

அது தணிக்கைக் காலம். வடக்கில் நடப்பதை எழுதி அனுப்பினால் தணிக்கை அதிகாரி வெட்டுவார். வெட்டிய இடத்தைத் தினவாகீசன் வெள்ளையாகவே விட்டு அச்சடித்தது. பிறிஜெற்றின் தங்கை கொன்ஸ்ரன்ஸ் இரண்டு பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் குருநகரில் இருந்தாள். கடிதம் இல்லை, போன் இல்லை. ஆகவே பிறிஜெற் தினமும் காலையில் கையை விரித்து முன்பக்கத்து வெள்ளையைச் சாணால் அளந்தாள். அரைச் சாண் என்றால் வழக்கமான ஷெல்லடி. ஒரு சாண் என்றால் சமைப்பாள், ஆனால் சாப்பிட மாட்டாள். ஒன்றரைச் சாண் என்றால் கோயிலுக்குப் போவாள். வியாழக்கிழமை ஒன்றரைச் சாண் இருந்தது. போய்வந்தாள்.

வெள்ளிக்கிழமை அளப்பதற்குக் கையை விரித்தாள். வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் புருஷன் ஓடிக்கொண்டிருந்தார்.

"வானொலி நாடகத்தால் பெரும் பீதி! கொட்டாஞ்சேனை வெறிச்சோடியது! ஆயிரக்கணக்கானோர் தலைதெறிக்க ஓட்டம்!" என்று ஐந்து பத்தித் தலைப்பு. படத்தின் கீழே: "நச்சுப் புகைக்கு அஞ்சி உயிர்தப்ப ஓடும் துறைமுக ஊழியர் ஒஸ்வால்ட். அதிர்ச்சியில் பேச்சிழந்த அவர், தலையை மட்டும் ஆட்டினார்."

பக்கத்து வீட்டுப் பைறோஸா பத்திரிகையோடு ஓடிவந்தாள். "ஆயிரக்கணக்கான ஆக்கள் ஓடினாங்களாமே, நான் படியிலதான் குந்திக்கொண்டு ஈந்த. எனக்கிட்ட ஒரு மனிசரும் சொல்லல்லியே!"

"நான்தான் ஓடினனான்," என்றார் ஒஸ்வால்ட்.

"அப்ப மத்த ஆக்கள்?"

பிறிஜெற் இன்னும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வெள்ளையையும் எடுத்துப்போட்டாங்கள்," என்றாள்.

அன்று துறைமுக வாசலில், உள்ளே போவதற்கான ஒஸ்வால்டின் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாஸ் கந்தோரில் மேஜர் ஒருவர் தினவாகீசனை மேசையில் விரித்து வைத்திருந்தார். தமிழ் தெரியாவிட்டாலும் படம் தெரியும். மேசைக் கண்ணாடிக்கு அடியில், மேஜரின் முகச்சாயலோடு, இராணுவச் சீருடை போட்ட ஒரு பெடியனின் படம் இருந்தது.

"துறைமுகத்தில் நச்சுப் புகைக் கப்பல் நிற்கிறது என்று உனக்கு யார் சொன்னது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"அப்பிடி ஒரு கப்பலும் இல்லை, சேர்."

"இல்லாத கப்பலுக்கு ஏன் ஓடினாய்? ஊரிலுள்ள மற்றவர்கள் ஓடினால் அது பயம். துறைமுகத்தில் வேலை செய்கிறவன் ஓடினால் அது தகவல்."

அடையாள அட்டை இல்லாமல் அரை நாள் ஊர் சுற்றினேன் என்ற உண்மையைச் சொல்ல ஒஸ்வால்ட் வாயைத் திறந்தார். சொன்னால் பாஸோடு ஆளும் உள்ளே போய்விடுவார் என்பது அப்போதுதான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டார்.

"பத்திரிகையில் வந்தது பத்திரிகையில்தான் இல்லாமல் போகவேண்டும்," என்றார் மேஜர். "அடுத்த வெள்ளிக்குள் திருத்தம் வரட்டும். வராவிட்டால் உன் இடத்துக்குக் கம்பனி வேறு ஆளைப் போடும்."

*

தினவாகீசன் காரியாலயம் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்தது. ஆசிரிய பீடத்தில் அலைமதி சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. பாட்டைக் கேட்கலாம், ரசிக்கக் கூடாது என்பது அங்கே விதி. நல்ல பாட்டு வரும்போது உதவி ஆசிரியர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு காலால் தாளம் போட்டார்கள்.

பிரதம ஆசிரியர் சவுந்தரநாயகம் தடித்த கண்ணாடிக்குள்ளால் ஒஸ்வால்டை அன்போடு பார்த்தார். எட்டு வருடமாக அந்தக் கதிரையில் இருந்தவர். அவர் ஒருவரை அன்போடு பார்த்ததை அந்தக் காரியாலயம் முன்னர் கண்டதில்லை.

"வாங்கோ, வாங்கோ. இப்ப கதைக்க முடியுதோ?"

"ஐயா, நான் ரேடியோ கேட்டு ஓடேல்ல. ஒரு திருத்தம் போடவேணும்."

"திருத்தமோ?" சவுந்தரநாயகத்தின் முகம் மாறியது. "தம்பி, அறுபத்துமூண்டு வருஷத்தில நாங்கள் பதினொரு திருத்தம் போட்டிருக்கிறம். ஒன்பது, ராகுகால நேரம் பிழைச்சதுக்கு. ஒண்டு செத்தவர் சாகேல்ல எண்டு. மற்றது, அவர் பிறகு செத்திட்டார் எண்டு. சரி, சொல்லுங்கோ. ஓடினீங்களோ இல்லையோ?"

"ஓடினனான்."

"வாயைப் பொத்தினீங்களோ?"

"பொத்தினனான், ஆனா..."

"நாடகம் அந்த நேரம் போனதோ?"

"போயிருக்கும். ஆனா ஐயா, கொட்டாஞ்சேனையில கரன்ட் இல்லை. ஒருத்தரும் கேட்டிருக்கேலாது."

சவுந்தரநாயகம் பேனையை எடுத்தார். "கரன்ட் இல்லை," என்று எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைத் தலைப்பு: "கேட்காமலே ஓடினார்கள்! மின்சாரம் இல்லாத இடத்திலும் பரவிய வானொலிப் பீதி!" உள்ளே ஒரு வைத்தியர், வானொலி அலை நேரடியாக நரம்பில் படும் விதத்தைப் படம் போட்டு விளக்கியிருந்தார். இடது மூலையில் ஒஸ்வால்டின் புதிய படம்: "மீண்டும் பேசுகிறார்!" பீதியடைந்தோர் தொகை பத்தாயிரமாகியிருந்தது. முன்பக்கத்தில் வெள்ளை எதுவும் இல்லை. வெட்டத்தக்க செய்தி ஒன்றுமே எழுதப்படவில்லை. தணிக்கை அதிகாரி மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

திங்கட்கிழமை ஒஸ்வால்ட் அலைமதிக்குப் போனார். தங்கள் நாடகத்தால் ஒருவரும் ஓடவில்லை என்று அவர்களே சொல்லிவிட்டால் தினவாகீசன் என்ன செய்யும் என்பது அவர் கணக்கு. குளிரூட்டிய அறையில் நிகழ்ச்சி முகாமையாளர் ஸமீம் இருந்தான். இருபத்தாறு வயது. சுவரில் தினவாகீசனின் முன்பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தான்.

"அங்கிள்! நீங்களா அது!" என்று எழும்பிக் கையைப் பிடித்துக் குலுக்கினான். வாசலில் நின்ற பையனைக் கூப்பிட்டான். "மல்லி, அங்கிளுக்குக் கூலா ஏதாவது கொண்டு வா. சொல்லுங்க அங்கிள், எந்த சீன்ல ஓடத் தொடங்கினீங்க?"

ஒஸ்வால்ட் பல்லையும் லோன்றியையும் சொன்னார். அடையாள அட்டையை மட்டும் விட்டுவிட்டார். ஸமீம் அவரை நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"அங்கிள், நாங்க வந்து ரெண்டு வருஷம். எங்களக் கேட்கிற ஆக்கள் ஈக்கிறாங்க எண்டு விளம்பரக்காரனுக்குக் காட்ட ஒரு சாமானும் எங்கட்ட இருக்கல்ல. இப்ப பேப்பரே பத்தாயிரம் எண்டு எழுதித் தருது, சும்மா. நீங்க எங்களுக்காக ஓடல்ல எண்டு நாங்க எப்படிச் சொல்ற?" குரலைத் தாழ்த்தினான். "ஓடினது ஓடினீங்க. எங்களுக்காக ஓடினதா இருந்திட்டுப் போகட்டுமே."

*

புதன்கிழமை பின்னேரம் வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் வானொலியால் பாதிக்கப்பட்டோர் மாநாடு நடந்தது. பாதிக்கப்பட்டோர் என்று ஒஸ்வால்ட் ஒருவர்தான் வந்திருந்தார். திருத்தம் பற்றி மேடையில் பேசலாம் என்று சொல்லி அவரைக் கூட்டிவந்து மாலை போட்டு முன்வரிசையில் இருத்தியிருந்தார்கள். மிச்சக் கதிரைகளில் தினவாகீசன் ஊழியர்களும் விற்பனை முகவர்களும் அவர்களுடைய வீட்டுக்காரர்களும் பாதிக்கப்பட்ட முகத்தோடு இருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். மௌன அஞ்சலிக்கு எழும்பினார்கள். ஒருவரும் சாகவில்லையே என்று யாரோ முணுமுணுத்ததும் மறுபடி கதிரையில் இருந்தார்கள்.

சவுந்தரநாயகம் பேச எழுந்தார்.

"வாசகப் பெருமக்களே! அறுபத்துமூன்று ஆண்டுகளாக இந்தப் பத்திரிகை உங்களை எச்சரித்து வருகிறது. கொலராவுக்கு எச்சரித்தோம். பஞ்சத்துக்கு எச்சரித்தோம். உலகம் அழியப்போகும் தேதியை மூன்று தடவை முன்பக்கத்தில் போட்டோம். ஒருவராவது கதிரையை விட்டு எழும்பினீர்களா? தேத்தண்ணியைக் குடித்து முடித்தீர்கள். உலகம் அழியும் பக்கத்தில் வடையைச் சுற்றினீர்கள்.

"நேற்று முளைத்தது ஒரு ரேடியோ. ஒரு வசனத்தை ஒழுங்காக முடிக்கத் தெரியாத பெடியன்கள். இருபது நிமிஷம் கதைத்தார்கள். இதோ, இந்தப் பெரிய மனிதர், ஐம்பத்திரண்டு வயதில், வாயைப் பொத்திக்கொண்டு, ஓடியிருக்கிறார்! அந்தப் படத்தைப் பாருங்கள். எவ்வளவு முழுமனதோடு ஓடுகிறார்! இது மிகப் பொறுப்பற்ற செயல். மக்களைப் பயமுறுத்தும் உரிமை பொறுப்பானவர்களிடம்தான் இருக்க வேண்டும்."

கைதட்டினார்கள். அவர் நிறுத்தவில்லை.

"மரண அறிவித்தலும் இப்போது அங்கேதான் போகிறது. காலை ஆறே முக்காலுக்கு, வயலின் வாசித்து, செத்தவருடைய பெயரை இனிமையாகச் சொல்கிறார்களாம். எங்களிடம் செத்தால் மறுநாள் காலைதான் ஊருக்குத் தெரியுமாம், அவர்களிடம் செத்தால் உடனே தெரியுமாம். அறுபத்துமூன்று வருடம் உங்கள் பிணங்களைக் கறுப்புக் கோடு போட்டு எவ்வளவு மரியாதையாக வைத்திருந்தோம்! எங்களில் என்ன குறை கண்டீர்கள்?"

ஒரு முகவரின் மனைவி மட்டும் மூக்கைச் சிந்தினாள். அவளுடைய கைப்பைக்குள் சிறிய ரேடியோ ஒன்று மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது. பேச்சு நீண்டதால் ஒஸ்வால்டுக்குப் பேச நேரம் கிடைக்கவில்லை.

*

வியாழக்கிழமை ஒஸ்வால்ட் பிரதம ஆசிரியரின் அறைக்குள் அனுமதி கேட்காமல் போனார்.

"ஐயா, நாளைக்கு என்ர பாஸ் போகுது. வேலை போகுது. நான் ரேடியோவால ஓடேல்ல. சத்தியமா ஓடேல்ல."

"அப்ப எதுக்கு ஓடினீங்கள்?"

அடையாள அட்டையைச் சொன்னால் அதுவும் முன்பக்கத்தில் வரும் என்பது ஒஸ்வால்டுக்குத் தெரியும். சவுந்தரநாயகம் கதிரையில் சாய்ந்து கூரையைப் பார்த்தார். பிறகு, பெண்பிள்ளையிடம் கேட்பதுபோல் கூச்சத்தோடு கேட்டார்.

"அண்டைக்குக் காலமை எங்கட பேப்பர் பாத்தீங்களோ?"

"பாத்தனான். வைஃப்தான் முதல் எடுப்பா. வெள்ளையை அளக்க."

"எதை அளக்க?"

ஒஸ்வால்ட் சாண் கணக்கைச் சொன்னார். அரைச் சாண், ஒரு சாண், ஒன்றரைச் சாண். தங்கள் ஒழுங்கையில் இன்னும் நாலைந்து வீட்டில் அளக்கிறார்கள் என்றும் சொன்னார். சவுந்தரநாயகம் மேசையில் கிடந்த பத்திரிகையைத் தன் பக்கம் இழுத்தார்.

"நான் எட்டு வருஷமா ஆசிரியத் தலையங்கம் எழுதுறன்," என்றார். "அதை ஒருத்தரும் அளந்ததில்லை. நான் எழுதாத இடத்தைச் சாண் போட்டு அளக்கிறீங்கள். அதைப் பாத்துக் கோயிலுக்கும் போறீங்கள்."

தன்னுடைய பத்திரிகையிலுள்ள வெற்றிடத்தின் மேலும் அவருக்குப் பொறாமை வந்துவிட்டது. ஆனால் அது எப்படியும் அவருடைய வெற்றிடம். அலைமதியிடம் அது இல்லை. வானொலியில் வெட்டினால் பாட்டுப் போட்டுவிடுவார்கள்.

"திருத்தம் போடுறன்," என்று எழுந்து நின்றார். "ஒரு சொல்லும் மாத்தக் கூடாது, சம்மதமோ?"

ஒஸ்வால்ட் சம்மதித்தார். வாசித்துப் பார்க்காமலே கையெழுத்தும் வைத்தார்.

வெள்ளிக்கிழமை முன்பக்கத்தில், தினவாகீசனின் பன்னிரண்டாவது திருத்தம் வந்தது. "துறைமுக ஊழியர் ஒஸ்வால்ட் ஓடியது வானொலி நாடகத்தைக் கேட்டல்ல என்பதை மகிழ்ச்சியோடு அறியத் தருகிறோம். அன்று காலை வெளியான தினவாகீசன் முன்பக்கத்தைப் படித்ததனாலேயே அவர் ஓடினார்."

மேஜர் ஒரு தமிழ் கிளார்க்கைக் கூப்பிட்டு அதை வாசிப்பித்தார். பிறகு கோப்பிலிருந்து அந்த வியாழக்கிழமைப் பத்திரிகையை எடுத்து மேசையில் விரித்தார். முன்பக்கத்தில் இரண்டு விஷயம்தான் இருந்தன. அமைச்சர் ஒருவர் கிணறு திறந்துவைத்த செய்தி. அதன் கீழே வெள்ளை.

"அமைச்சர் கிணறு திறந்ததற்கா ஓடினாய்?"

"இல்லை, சேர்."

"அப்படியானால் வெட்டியதைப் படித்திருக்கிறாய். வெட்டியதை யாரும் படிக்க முடியாது. படித்திருந்தால் அது குற்றம். படிக்காமல் வெறும் தாளைப் பார்த்து ஓடியிருந்தால் பைத்தியம். எது என்று நீயே சொல்."

ஒஸ்வால்ட் யோசித்தார். இரண்டிலும் பாஸ் கிடைக்காது. ஆகவே கையை விரித்து அந்த வெள்ளையின் மேல் வைத்தார்.

"ஒன்றரைச் சாண் இருக்குது, சேர். எங்கட வீட்டில ஒன்றரை வந்தா நல்லதில்லை. வைஃபின் தங்கச்சி அங்க இருக்கிறா."

மேஜர் அவரை முறைத்தார். பிறகு தன் கையை விரித்து அதே இடத்தில் வைத்தார். பெரிய கை.

"எனக்கு ஒன்றேகால்தான் வருகிறது," என்றார்.

"உங்கட கை பெரிசு, சேர்."

மேஜரின் கை அந்த இடத்திலேயே சற்று நேரம் இருந்தது. கண்ணாடிக்கு அடியிலிருந்த படத்தை அவர் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க முயற்சி எடுத்தது தெரிந்தது.

"நேற்று எவ்வளவு இருந்தது?"

"இந்தக் கிழமை வெள்ளை வரேல்ல, சேர். முழுக்க நான்தான் வந்தனான்."

மேஜர் பாஸை எடுத்து முத்திரை குத்திக் கையில் கொடுத்தார். "பத்திரிகையை இங்கேயே வைத்துவிட்டுப் போ," என்றார்.

*

இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது. ஆனால் திருத்தம் வந்த அன்று தினவாகீசன் எல்லாக் கடையிலும் விற்றுத் தீர்ந்தது. ஒரு மனிதனை ஓடவைத்த முன்பக்கத்தில் அப்படி என்ன இருந்தது என்று புறக்கோட்டைக் கடைகளில் பழைய பிரதி தேடினார்கள். தேடி எடுத்தவர்கள் வெள்ளையைப் பார்த்தார்கள். அளப்பது எப்படி என்பதை ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக் கொடுத்தார். மட்டக்குளியிலும் ஹெந்தளையிலும்கூட அளக்கத் தொடங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தணிக்கை அதிகாரி ஒன்றையும் வெட்டவில்லை. வடக்கில் அன்று ஒன்றும் நடக்கவில்லை. பக்கங்கள் முழுதாகத் திரும்பி வந்தன. சவுந்தரநாயகம் அவற்றைத் தன் மேசையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பக்கத்தில் அலைமதி நல்ல பாட்டுப் பாடியது. அவர் கோடு போடும் அடிமட்டத்தை எடுத்தார். முன்பக்கத்திலிருந்து தானே இரண்டரைச் சாண் வெட்டினார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அலைமதி பாட்டை நிறுத்தி விசேட செய்தி சொன்னது. "பத்திரிகையால் பெரும் பீதி! கொழும்பில் பல்லாயிரக்கணக்கானோர் ஓட்டம்!" வாசித்தது ஸமீம்தான். பொறுப்பற்ற பத்திரிகைகளைப் பற்றி அவன் குரல் மிகவும் கவலைப்பட்டது. தினவாகீசன் ஆசிரிய பீடத்தில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"எத்தனை பேர் எண்டவன்?" என்று சவுந்தரநாயகம் அறைக்குள்ளிருந்து கேட்டார்.

"பல்லாயிரக்கணக்கான எண்டு சொன்னவன், ஐயா."

"திருப்பிச் சொல்லுவானோ?"

"அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா சொல்லுவினம், ஐயா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரேடியோவைத் தன் மேசைக்குக் கொண்டுவரச் சொன்னார். அந்த அறைக்குள் அலைமதி ரசிக்கப்பட்டது அதுவே முதல் தடவை.

உண்மையில் ஓடியவர்கள் நாற்பது ஐம்பது பேர் இருக்கும். அது காலை ஏழு மணிக்கு, கொட்டாஞ்சேனையில். படம் எடுக்க யாரும் வரவில்லை. எல்லாரும் வடக்குச் செய்தி ஏதாவது வந்திருக்கும் என்று பங்குச் சுவாமியின் அறைவீட்டுப் பக்கம்தான் ஓடினார்கள். முன்னால் பிறிஜெற் ஓடினாள். செருப்பில்லை. இரண்டரைச் சாணும் வெளியே தெரிய, பத்திரிகை கையில் விரிந்தபடி இருந்தது.

ஒஸ்வால்ட் வேலைக்குப் போகச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். இனி ஓடுவதில்லை என்று அவர் தீர்மானித்து மூன்று நாள் ஆகியிருந்தது. பைறோஸா படியிலிருந்து, "என்னத்துக்கு ஓடுறாங்க? இந்த முறையாவது சொல்லுங்களேன்!" என்று கத்தினாள்.

அவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். அடையாள அட்டை இருந்தது. பிறகு ஓடினார்.